மோட்டார் வண்டியின் தாகம்

மனித உடலுக்கு உரிய வெப்பம் இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. அது குறைந்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இவ்விதி பொருந்தும். நமக்குக் காய்ச்சல் கண்டால், நெற்றியில் ஈரத் துணியை இட்டதோடு நில்லாமல், காரணம் யாதென மருத்துவரிடம் கேட்டறிகிறோம். ஆயின் வண்டிக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு மேலே ஓட்டிச் செல்வோர் நம்மிடையே பலர். சில நாட்கள் கழிந்ததும் எஞ்சின் மீண்டும் கொதிக்கிறது. மீண்டும் நீர் ஊற்றப்படுகிறது. முடிவில் ஒரு நாள் எஞ்சினே பழுதாகிப் பெருந்தொகையைச் செலவிட நேர்கிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இது குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கிவிடும் இழப்பாகும். ஆகவே, கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம் கசிந்து எஞ்சின் கொதிப்பது ஏன், அப்போது செய்யத்தக்கது யாது, தகாதது யாது, கசிவைக் கண்டறிந்து செப்பனிடுவது எங்ஙனம் என்பவற்றை, ஹைதராபாத் நகரின் கோடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

முதலில் இவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று காண்போம். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு சிலிண்டரின் சுவரையும் அதன் மேல்மூடியாகிய ஹெட்டையும் சூடாக்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு கணநேரத்திற்கு 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பத்தை அடைகிறது. இக்கால எஞ்சின்களின் ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இடையறாது வெப்பத்தை அகற்றிக்கொண்டே இராவிடில் எஞ்சின் சில நிமிடங்களிலேயே அழியும் என்பது இதனால் விளங்கும்.

மோட்டார் வண்டி தோன்றிய நாளிலேயே இச்சிக்கலும் தோன்றிற்று. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், எஞ்சினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியேறுவதன் மூலமே வெப்பம் தணிக்கப்பட்டது. எனவே அவ்வண்டிக்கு அடிக்கடி நீர் வார்க்க வேண்டியிருந்தது. பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியியலறிஞர், 1900-ஆம் ஆண்டில் உருவான 35 குதிரைசக்தி மெர்ஸிடிஸ் வண்டிக்கெனத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்று அக்குழாய்களினூடே புகுந்து செல்லவும், அவற்றைச் சூழ்ந்து ஓடும் நீர் தன் சூட்டை இழந்து எஞ்சினுக்குத் திரும்பிற்று. நீரை ஆவியாக்கி இழப்பதற்கு மாறாக, அதே நீரை மீண்டும் மீண்டும் சுழலவிடும் இம்முறையே இன்றளவும் நின்று நிலவுகிறது.

இச்சுழற்சியின் உறுப்புகளை அறிந்து கொள்வது நலம். எஞ்சினால் இயங்கும் வாட்டர் பம்ப் கூலண்டைச் சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் தள்ளுகிறது. சூடேறிய கூலண்ட் மேல் ரப்பர்க் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, குளிர்ந்து, கீழ்க் குழாய் வழியே திரும்புகிறது. வண்டி விரைந்து செல்கையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றும் ஊர்ந்தும் செல்கையில் விசிறி அப்பணியைச் செய்யும். இடையே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு காவலிருக்கிறது. அதனுள் அடைக்கப்பட்ட மெழுகு, 80 முதல் 90 டிகிரி அளவில் உருகி விரிந்து கதவைத் திறக்கிறது. எஞ்சின் குளிர்ந்துள்ளபோது கதவு மூடியிருப்பதால் எஞ்சின் விரைவில் தன் உரிய வெப்பத்தை அடைகிறது. "நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு?" என்று இதனைக் கழற்றி எறிவோர் உண்டு. அங்ஙனம் செய்தால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். எரிபொருள் வீணாவதோடு தேய்மானமும் மிகும்.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தைக் காக்கும் வால்வு ஆகும். சில வண்டிகளில் இம்மூடி ரேடியேட்டரின் தலையில் இருக்கும். வேறு சிலவற்றில் அருகிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின்மேல் இருக்கும். திறந்த பாத்திரத்தில் நீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் உயரும் என்பது சமையலறையில் பிரஷர் குக்கரைக் கண்டோர் அறிந்ததே. மூடி சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அளவில் கூடுதல் அழுத்தத்தை நிறுத்தி வைத்தால், நீரின் கொதிநிலை 120 டிகிரியளவுக்கு உயர்கிறது. எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளைச் சரிபாதி கலந்த கூலண்டாயின் அது 130 டிகிரியை நெருங்குகிறது. கசிவின் முதல் தீங்கு இங்கேதான் உள்ளது. குழாயில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் அழுத்தம் நிற்பதில்லை. அழுத்தம் இல்லையேல் கொதிநிலை தாழ்கிறது. கொதித்த திரவம் ஆவியாகி மேலும் வெளியேறுகிறது. சிறு கசிவு பெருங்கேடாவது இவ்வாறுதான்.

இனி ஹைதராபாத்திற்கு வருவோம். அந்நகரம் தக்காணப் பீடபூமியில், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 540 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அவ்வுயரத்தில் திறந்த நீர் 98 டிகிரியளவிலேயே கொதித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைக் கடப்பது அங்கு வழக்கம். 1966-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் 45.5 டிகிரி பதிவாயிற்று. இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ரேடியேட்டர் தன் வெப்பத்தைக் காற்றுக்கு ஈவது, இரண்டின் வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. கூலண்ட் 95 டிகிரியிலும் காற்று 25 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு 70. காற்று 42 டிகிரியானால் வேறுபாடு 53. அஃதாவது, அதே ரேடியேட்டர் அதே காற்றோட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தை அகற்றும். இதனோடு நகர நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்வதையும், ஏ.சி. கருவியின் சுமையையும் கூட்டிக்கொள்க. குளிர்காலம் முழுவதும் மறைந்திருந்த கசிவு கோடையில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே. மெஹதிப்பட்டினத்திலிருந்து ஆராம்கர் வரை 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பி.வி. நரசிம்மராவ் மேம்பாலச் சாலை 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஷம்ஷாபாத் விமான நிலையத்திற்கு விரைவோர் செல்லும் அவ்வழியில் வண்டி கொதித்து நின்றால், ஒதுங்க நிழலும் இல்லை. கேட்டுப் பெற நீரும் இல்லை.

நீரின் தன்மையையும் கருதவேண்டும். ஹைதராபாத் கருங்கற் பாறையின் மேல் அமைந்த நகரம். அங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினநீராகும். அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சூட்டினால் பிரிந்து, வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிவது போல எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகின்றன. அப்படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. குறுகிய குழாய்களையும் அடைத்துவிடும். மேலும் வெறும் நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது, அலுமினியத்தை அரிக்கிறது. கூலண்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் கலக்கப்பட்டுள்ளன. "கூலண்ட் பனி உறையும் நாட்டினருக்குரியது, நமக்கு எதற்கு?" என்னும் எண்ணம் தவறானது என்பதை இதனால் அறியலாம். நமக்கு உறைபனி அச்சம் இல்லை. கொதிப்பும் அரிப்பும் பற்றிய அச்சம் உண்டு.

அடிக்கடி நீர் ஊற்றும் பழக்கம் எவ்வாறு வேரூன்றிற்று? ஹைதராபாத்திற்கு மோட்டார் புதிதன்று. நிஜாம் அரசின் இரயில்வே 1932-ஆம் ஆண்டிலேயே 27 பேருந்துகளுடன் பேருந்துப் பணியைத் தொடங்கிய நகரம் அது. பின்னர் 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் கார் நாடெங்கும் ஓடிற்று. அதன் தொடக்கக் கால எஞ்சின் முழுவதும் வார்ப்பிரும்பாலானது. ஓரளவு மிகைச்சூட்டைத் தாங்கிக் கொண்டது. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கொண்டதாகையால், கசிந்தால் பற்றுவைத்து அடைக்கவும் முடிந்தது. ஆகவே ஒரு டப்பா நீருடன் ஊர் ஊராகச் செல்வது ஓட்டுநர்க்கு இயல்பாயிற்று. இக்கால எஞ்சின் அத்தகையதன்று. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவது. மிகைச்சூடு கண்டால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் இடையேயுள்ள கேஸ்கெட் கருகிப் பிளக்கும். அன்று பொறுக்கத்தக்கதாயிருந்த பழக்கம் இன்று எஞ்சினைக் கொல்லும் பழக்கமாகிவிட்டது.

கேடு வருமுன் வண்டி சில அறிகுறிகளைக் காட்டும். நிறுத்திய இடத்தில் பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத் துளிகள் காணப்படும். ஏ.சி. ஓடியபின் சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டா. பிளாஸ்டிக் தொட்டியில் திரவம் குறைந்த அளவுக் கோட்டிற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். வண்டிக்குள் இனிய மணம் ஒன்று வீசும். வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைவிட்டு ஏறும். இங்கு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கூலண்ட் பெரும்பகுதி வெளியேறிவிட்டால், வெப்பத்தை உணரும் கருவி திரவத்தில் மூழ்கியிராமையால், முள் தாழ்ந்தும் காட்டலாம். ஏறிய முள் திடீரென இறங்கினால் ஆறுதல் கொள்ளலாகாது.

வழியில் எஞ்சின் கொதித்துவிட்டால் செய்யத்தக்கவை இவை. முதற்கண் ஏ.சி.யை நிறுத்துக. பாதுகாப்பான இடம் சிறிது தொலைவில் இருப்பின், ஹீட்டரை முழு அளவில் திறந்து மெல்லச் செல்க. வேனிற்காலத்தில் ஹீட்டரா என்று நகைக்க வேண்டா. அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே ஆதலால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, ஆவி கிளம்பினாலோ, உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. "இன்னும் ஒரு மைல்தானே" என்னும் எண்ணமே ஹெட்டைக் கோணச் செய்கிறது. ஆவி அடங்கியபின் பானெட்டைத் திறந்து, அரைமணி நேரத்திற்குக் குறையாமல், கூடுமாயின் அதற்கு மேலும் காத்திருத்தல் வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. அழுத்தத்தினால் மட்டுமே கொதியாதிருந்த திரவம், மூடி தளர்ந்த அக்கணமே கொதித்தெழும். ஒரு பங்கு நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 பங்கு இடம் கொள்ளும். அது பீறிட்டு முகத்தையும் கண்ணையும் கையையும் வேகச் செய்யும். துணியைச் சுற்றித் திறந்தால் போதும் என்பது தவறு. துணி ஆவியைத் தடுக்காது. மேல் ரப்பர்க் குழாயைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறி, குழாய் அழுத்தமின்றித் தளர்ந்திருந்தால் மட்டுமே மூடியைத் தொடுதல் தகும். அதுபோலவே, கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் உலோகம் வெடித்துவிடக்கூடும். ஆறிய பின்னர், வேறு வழியில்லாதபோது, நல்ல குடிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அண்மையிலுள்ள பட்டறை வரை முள்ளைக் கவனித்தவாறு செல்லலாம். கசிவு பெரிதாயின் வண்டியை இழுத்துச் செல்வதே சிக்கனம்.

பட்டறையில் முதல் வேலை கசிவைக் கண்டறிதல். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவை நிரப்பி, மூடியிருக்கும் இடத்தில் அளவுமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு மட்டும் காற்றழுத்தம் ஏற்றுவர். கால்மணி நேரம் முள் அசையாதிருந்தால் வெளிக்கசிவு இல்லை எனலாம். முள் இறங்கினால் துளிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடுதல் வேண்டும். மேல், கீழ் ரப்பர்க் குழாய்கள், அவற்றை இறுக்கும் கிளாம்புகள், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கூடும் விளிம்புகள், தெர்மோஸ்டாட் பெட்டியின் பொருத்து, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவை முதலில் நோக்கத்தக்கவை. பம்பின் அச்சிலுள்ள சீல் தேய்ந்ததை அறிவிப்பதற்கென்றே அத்துளை அமைக்கப்பட்டுள்ளது. கசிகிறதே என்று அதனை அடைத்துவிடலாகாது. காய்ந்த கசிவுகள் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தாற்போல் தடம் விட்டிருக்கும். முன் இருக்கையின் கால்விரிப்பு நனைந்திருந்தால் ஹீட்டரின் உள்ளே கசிவு என்று ஐயுறலாம். மூடியையும் தனியே சோதித்தல் வேண்டும். அதன் ரப்பர் வளையம் இறுகிப்போனதொன்றே கொதிப்பிற்குப் போதிய காரணமாகும்.

கசிவின் இடம் தெரிந்தபின் செப்பனிடுதல் கடினமன்று. வெடிப்புக் கண்ட குழாயைத் துண்டித்து ஒட்டவைத்தல் வீண். புதியதை மாற்றுவதே முறை. ஒரு குழாய் முதிர்ந்து வெடித்தால் அதனோடு பிறந்த மற்றக் குழாய்களும் முதிர்ந்தவையே. பிளாஸ்டிக் பொருத்திய ரேடியேட்டர் விளிம்பில் கசிந்தால், பசை பூசுவதைவிட ரேடியேட்டரை மாற்றுதலே நெடுநாள் நிற்கும். பம்ப் கசிந்தால் பம்பையும், வேண்டுமாயின் அதனை ஓட்டும் பெல்ட்டையும் மாற்றுதல் நன்று. ரேடியேட்டரில் மஞ்சள்தூளைப் போட்டுக் கசிவை அடைக்கும் கைவைத்தியம் நம் சாலைகளில் நெடுங்காலமாக வழங்குகிறது. அது துளையை அடைப்பது உண்மையே. ஆயின் ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. கசிவே இல்லாமல் கொதிக்கும் வண்டியாயின், விசிறி சுழல்கிறதா, அதன் ஃபியூஸும் ரிலேயும் செம்மையா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, ரேடியேட்டரின் முகத்தில் தூசியும் பூச்சியும் அடைந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும்.

வெளியே ஒரு துளியும் சிந்தாமல் கூலண்ட் குறைவதும் உண்டு. அது எஞ்சினின் உள்ளே கசிகிறது என்பதற்கு அறிகுறி. புகைக்குழாயில் வெண்புகை ஓயாது வருதல், எண்ணெய் பாலேடு போல் வெளுத்தல், தொட்டியில் குமிழிகள் எழுதல் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பிளந்ததைக் காட்டுவன. கூலண்டில் புகைவாயு கலந்துள்ளதா என்பதை நிறம் மாறும் ஒரு திரவத்தால் சோதித்து உறுதி செய்யலாம். உறுதியானால் ஹெட்டைக் கழற்றி, அதன் தளம் கோணியுள்ளதா என்று அளந்து, வேண்டிய அளவு சமன்செய்து, புதிய கேஸ்கெட்டை இட்டுத் தயாரிப்பாளர் குறித்த வரிசையிலும் முறுக்கத்திலும் போல்ட்டுகளை இறுக்குதல் வேண்டும். தளத்தை அளவாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அது மீண்டும் பிளக்கும்.

செப்பனிட்டபின் நிரப்பும் முறை முதன்மையானது. பழைய திரவத்தை வடித்து, உப்பு நீக்கிய நீரால் கழுவி, அது தெளிந்து வரும்வரை மீண்டும் வடித்தல் வேண்டும். பின்னர் வண்டியின் கையேடு குறிக்கும் வகைக் கூலண்டைச் சரிபாதி உப்பு நீக்கிய நீருடன் கலந்து ஊற்றுக. கலந்தே விற்கப்படுவதாயின் நீர் சேர்க்க வேண்டுவதில்லை. நிறம் ஒன்றாயிருப்பதால் வகையும் ஒன்றே என்று கருதிவிடலாகாது. வகைகளைக் கலந்தால் கூழ் போன்ற கசடு உண்டாகலாம். அடுத்து, உள்ளே தங்கிய காற்றை அகற்றுதல் வேண்டும். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் வைத்து, காற்றுத் திருகு இருப்பின் அதனைத் திறந்து, குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் அடங்கும் வரை சிறிது சிறிதாக நிரப்புக. சில வண்டிகளுக்குக் கையேட்டில் தனிமுறை கூறப்பட்டிருக்கும், அதனையே பின்பற்றுக. காற்றுக்குமிழி ஒன்று உள்ளே நின்றுவிட்டாலும், எல்லாம் புதிதாயிருந்தும் வண்டி மீண்டும் கொதிக்கும். மறுநாட் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவை மீண்டும் நோக்கிக் குறையை நிரப்புதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்குக் கூறவேண்டும். எத்திலீன் கிளைக்கால் சுவையில் இனிது. ஆயின் கொடிய நஞ்சு. வடித்த கூலண்டைத் தெருவிலோ சாக்கடையிலோ விட்டால், நாயும் பூனையும் நக்கி மாண்டுபோகும். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைத்தால் குழந்தைகளுக்கே ஆபத்து. மூடிய கலத்தில் வாங்கி, கழிவு எண்ணெயைச் சேகரிப்போரைப் போல் இதனையும் முறையாகப் பெற்றுக்கொள்ளும் பட்டறையிடம் சேர்ப்பிப்பதே கடமையாகும்.

இவ்வளவும் நேராமல் காப்பது அரிதன்று. வாரம் ஒரு முறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தொட்டியின் அளவைக் காண்பதற்கு ஒரு நிமிடம் போதும். கோடை பிறக்குமுன் குழாய்களை அழுத்திப் பார்த்து, ரேடியேட்டரின் முகத்தை மென்மையான நீர்த்தாரையால் கழுவுவித்தல் நன்று. கூலண்டைக் கையேடு கூறும் காலத்தில் மாற்றிவிடுதல் வேண்டும். மூடிய சுழற்சியில் கூலண்ட் தானாகக் குறைவதற்குக் காரணம் இல்லை. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். ஆகவே, ஒரு முறை நீர் வார்த்து வீடு சேர்ந்தபின், இரண்டாம் முறை குடத்தை எடுப்பதற்கு முன் கசிவைத் தேடுவோமாக. வண்டியும் பிழைக்கும், அதனை நம்பியிருக்கும் குடும்பமும் பிழைக்கும்.